தம்பிகள் வராத ஆஸ்பத்திரி

லெசியேலியின் ஆஸ்பத்திரியில் ஒரு முக்காலி உண்டு. அதில் ஆள் உட்காருவதில்லை, கால்தான் உட்காரும். சர்க்கரை வியாதிக்காரர்கள் செவ்வாய்க்கிழமை தோறும் வந்து, செருப்பைக் கழற்றிவிட்டு, அதன்மேல் காலைத் தூக்கி வைப்பார்கள். அவள் கீழே பாயில் உட்கார்ந்து விரல்களைப் பிரித்துப் பார்ப்பாள். உள்ளங்காலைத் தடவுவாள். சந்தேகமாக இருந்தால் குனிந்து முகர்ந்தும் பார்ப்பாள். போதகரின் காலுக்கும் அதே முக்காலிதான், பாறையிடுக்கில் சிப்பி பொறுக்குகிற கிழவியின் காலுக்கும் அதே முக்காலிதான்.

ஊர்த்தலைவர் சேமிசிக்கு முதல் தடவை பெரிய கூச்சம். "நர்சம்மா, நீங்க கீழ உக்காந்து என் காலைப் பிடிக்கறது நல்லாவா இருக்கு? யாராவது பாத்தா என்ன நெனப்பாங்க?"

"உங்களுக்குக் கால் இருக்குன்னு நெனப்பாங்க. வைங்க."

ஆஸ்பத்திரி என்று நாங்கள்தான் சொல்லிக்கொண்டோம். இரண்டு அறை, ஒரு தண்ணீர்த் தொட்டி, தீவு விட்டுத் தீவு பேச ஒரு ரேடியோப் பெட்டி, ஒரு நர்ஸ். அவ்வளவுதான். டாக்டரைப் பார்க்கவேண்டுமென்றால் பெரிய ஆஸ்பத்திரி இருக்கிற பாங்காய்க்குப் படகேற வேண்டும். கைப்பேசி எங்கள் ஹாப்பாய்த் தீவுகள் பக்கம் எட்டிப் பார்க்காத காலம் அது. நான் பள்ளிக்கூட வாத்தியார், வடக்கே தூரத்து நியுவாவிலிருந்து வந்தவன். பள்ளிக்கூடத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் நடுவில் ஓர் ஈரப்பலா மரம் மட்டும்தான் நின்றது. இந்தத் தீவில் நான் யாருக்கும் அண்ணன் இல்லை, தம்பி இல்லை, மருமகன் இல்லை. அதனால் எல்லாரும் என் முன்னால் தாராளமாகப் பேசினார்கள், மரத்தின் முன்னால் பேசுவது மாதிரி.

லெசியேலி இந்த ஊர்க்காரி. நாற்பதைத் தொட்டுக்கொண்டிருந்தாள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. பல தீவுகளில் வேலை பார்த்துவிட்டு, கடைசியில் சொந்த ஊருக்கே மாற்றல் கிடைத்தபோது அம்மாவைக் கட்டிக்கொண்டு அழுதாளாம். பாங்காயில் இருந்த பெரிய நர்சுக்கு இரக்க மனசு. வயதான தாயார் இருக்கிறாள், பக்கத்திலேயே இருக்கட்டும் என்று போட்டுக் கொடுத்தார்.

அவளுடைய வேலை முறையைச் சொன்னால் சிலருக்குச் சிரிப்பு வரும். ஆஸ்பத்திரிக்கு வருகிற எல்லாரையும் ஒரு கூடையோடு வரச் சொல்வாள். ஓலைக் கூடையில் நாலு தேங்காயோ இரண்டு வாழைப்பழமோ, ஒன்றுமில்லாவிட்டால் வெறும் இலையோ. எங்கள் ஊரில் ஒருத்தி ஆஸ்பத்திரிப் படியேறினால் அவள் இறங்குவதற்குள் நோய்க்கு நாலு பேர் வைத்துவிடுவார்கள். கூடையோடு போனால், நர்சுக்குச் சாப்பாடு கொண்டுபோகிறாள் என்றாகிவிடும். கூடையை அவள் வாங்கிக்கொள்வதில்லை. உள்ளே போன கூடை அப்படியே பின்வாசல் வழியாக வெளியே போகும்.

"எல்லாருக்கும் தெரியுமே நர்சம்மா, இது சும்மா வேஷம்னு" என்று ஒருமுறை கேட்டேன்.

"தெரியட்டும் வாத்தியாரே. யாரு நிஜமா சோறு கொண்டாறா, யாரு வேஷம் போடறான்னு தெரியாதுல்ல? அது போதும்."

இன்னொன்றும் சொல்லவேண்டும். வந்த புதிதில், நாள் கடந்த மருந்தை ஒரு குழந்தைக்குக் கொடுத்துவிட்டாள். குழந்தைக்கு ஒன்றும் ஆகவில்லை. யாருக்கும் தெரியவும் தெரியாது. பாட்டிலைத் துடைத்து வைக்கும்போது இவள்தான் பார்த்திருக்கிறாள். உடனே இடுப்பில் பழைய கிழிந்த பாயைச் சுற்றிக்கொண்டு, துக்க வீட்டுக்குப் போகிறவள் மாதிரி அந்த வீட்டுக்குப் போய், வாசலில் தலைகுனிந்து உட்கார்ந்துவிட்டாள். குழந்தையின் தாய் வெளியே வந்து திட்டினாள். பிறகு திட்டுவதற்கு வார்த்தை தீர்ந்து, "உள்ள வந்து தொலை, வெயில்ல உக்காந்து நீ வேற படுத்துக்காத" என்றாள். அந்தக் குழந்தைக்கு இன்றும் காய்ச்சல் என்றால் அந்தத் தாய் முதலில் ஓடுவது லெசியேலியிடம்தான்.

இப்படிப்பட்டவளுக்கு ஒரு விஷயம் புரிய கொஞ்ச நாளானது. செவ்வாய்க்கிழமை பெஞ்சில் பெண்கள் இருந்தார்கள். கிழவர்கள் இருந்தார்கள். சேமிசி மாதிரி வேறு தீவிலிருந்து வந்து இந்த ஊரில் பெண் கட்டிக் குடியேறியவர்கள் இருந்தார்கள். ஊரில் பிறந்து வளர்ந்த, அவள் வயதை ஒட்டிய ஆண் ஒருவன்கூட இல்லை.

எங்களுக்குள் அக்கா தம்பி, அண்ணன் தங்கை என்றால் வளர்ந்தபின் ஒரே கூரையின்கீழ் படுக்கமாட்டோம். ஒருவர் முன்னால் ஒருவர் உடம்பைப் பற்றிப் பேசமாட்டோம். நானும் என் தங்கையும் மீசை முளைத்த நாளிலிருந்து ஒரு பெஞ்சில் உட்கார்ந்ததில்லை. அது வெறுப்பல்ல, மரியாதை. பெண்தான் உசத்தி. அக்கா வந்தால் தம்பி எழுந்து வெளியே போவான். சொன்னால் செய்வான். இதில் சித்தப்பா மகன், பெரியம்மா மகன் மட்டுமல்ல, மாமன் மகனும் அத்தை மகனும்கூட உடன்பிறப்புத்தான். முறைப்பையன் என்ற பேச்சே எங்களிடம் இல்லை. அப்படிக் கணக்குப் பார்த்தால் அந்தத் தீவில் பாதி ஆண்கள் லெசியேலிக்குத் தம்பி, இல்லாவிட்டால் அண்ணன். எந்தத் தம்பி அக்கா முன்னால் வேட்டியை முழங்காலுக்குமேல் தூக்கிக் காலை நீட்டுவான்? இரக்க மனசுள்ள பெரிய நர்சுக்கு இது தோன்றவேயில்லை.

சொந்தத் தம்பி மனாசேக்கோ ஏற்கெனவே சர்க்கரை. பழைய நர்ஸ் இருந்தவரை ஒழுங்காக மாத்திரை வாங்கித் தின்றவன், அக்கா பொறுப்பேற்ற நாளோடு நிறுத்திவிட்டான். யாராவது கேட்டால், "எனக்குச் சரியாப் போச்சு. தோட்டத்துல வேலை செஞ்சா சர்க்கரை ஓடிப் போயிடும்" என்பான். ஆறடி ஆள். வாயைத் திறந்தால் கேலி. ஆஸ்பத்திரி பக்கம் வரும்போது மட்டும் பாதையை விட்டு இறங்கி, கடற்கரையோரமாகச் சுற்றிக்கொண்டு போவான்.

அவன் மனைவி ஃபினாவ் ஒரு புதன்கிழமை கூடையோடு வந்தாள். கூடையில் நிஜமாகவே சமைத்த கிழங்கு இருந்தது. நான் தொட்டியில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தேன். உள்ளே நடந்தது ஜன்னல் வழியாகக் காதில் விழுந்தது. ஃபினாவ் மெதுவாகப் பேசத் தெரிந்தவளும் அல்ல.

"அண்ணி, கட்டுத்துணி கொஞ்சம் வேணும். பையன் விழுந்துட்டான்."

"எந்தப் பையன்?"

"சின்னவன்."

"சின்னவன் இப்பத்தான் என் வாசல்ல பந்து அடிச்சிட்டுப் போறான்."

பிறகு அழுகிற சத்தம் கேட்டது.

"பவளப்பாறை கிழிச்சிருச்சு அண்ணி. ஒரு மாசமாச்சு. இலை வெச்சுக் கட்டறாரு, உப்புத் தண்ணி ஊத்தறாரு. நேத்து நான் அவிழ்த்துப் பாத்தேன். சுண்டுவிரல் கறுத்துப் போச்சு. நாத்தம் தாங்கல. பாங்காய் போலாம்னா, அங்க டாக்டரு பாத்தாலும் காகிதம் உங்களுக்குத்தானே வரும், அக்கா படிப்பாங்களேன்னு ஒரே பிடிவாதம். நீங்க கூப்பிட்டு அனுப்புங்க. நீங்க ஒரு வார்த்தை சொன்னா தட்ட மாட்டாரு. ஊர்ந்தாவது வருவாரு."

"வருவான்."

"அப்புறம் என்ன?"

லெசியேலி பேசியபோது குரல் சின்னதாக இருந்தது.

"அக்கான்னு கூப்பிட்டா வருவான், ஃபினாவ். வந்து முகத்தைத் திருப்பிக்கிட்டு காலை வைப்பான். அது சம்மதம் இல்ல. மத்தவங்க காலை எல்லாம் நான் கேட்டுத்தான் பாக்கறேன், வேணாம்னா விட்டுடறேன். இவன்கிட்ட மட்டும் வேணாம்னு சொல்ல முடியாத இடத்துலேந்து கேக்கணுமா? நான் ஒரு வார்த்தை சொன்னாப் போதும். அதான் எனக்குப் பயமா இருக்கு."

"மரியாதை பாத்துப் பாத்துக் காலைப் பறிகொடுக்கறதா? நல்லா இருக்கு உங்க நியாயம்!"

"பறிகொடுக்க விடமாட்டேன். ரெண்டு நாள் குடு. அதுக்குள்ள ஒண்ணு முயற்சி பண்றேன். அது நடக்கலன்னா கூப்பிடறேன். அவன் ஆயுசுக்கும் என் முகத்தைப் பாக்காமப் போனாலும் சரி, கூப்பிடறேன்."

ஃபினாவ் கட்டுத்துணியை வாங்கிக்கொண்டு, மூக்கைச் சிந்திக்கொண்டு, கூடையைப் பின்வாசல் வழியாகக் கொண்டுபோக மறந்து முன்வாசல் வழியாகவே போனாள். லெசியேலி வெளியே வந்தாள். தண்ணீர்க் குடத்தோடு நிற்கிற என்னைப் பார்த்தாள்.

"காது கேட்டுச்சா வாத்தியாரே?"

தலையாட்டினேன்.

"அந்தக் காதை இங்கயே கழட்டி வெச்சிட்டுப் போங்க."

பிறகு ரேடியோவைத் திருகினாள். எதிர்த்தீவில் கிதியோனே என்று ஓர் ஆண் நர்ஸ் இருந்தார். காற்று நன்றாக இருந்தால் படகில் ஒரு மணி நேரத் தூரம். எங்கள் ரேடியோவில் ஒரு தொல்லை உண்டு. இரண்டு பேர் பேசினால் இருபது தீவும் கேட்கும். மத்தியானம் சாப்பிட்டுவிட்டு ரேடியோ முன்னால் படுத்துக்கொள்வது பலருக்குப் பழக்கம்.

"கிதியோனே, நான் லெசியேலி பேசறேன். நாளைக்கு இந்தப் பக்கம் வர முடியுமா?"

"வரலாமே. என்ன விஷயம்?"

"இதுல சொல்ல முடியாது."

"ஏதாவது அவசரமா?"

"நேர்ல வந்தாச் சொல்றேன். கட்டாயம் வாங்க."

ரேடியோ கொஞ்ச நேரம் இரைந்தது. இருபது தீவும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்திருக்க வேண்டும்.

"வர்றேன்" என்றார் கிதியோனே.

பள்ளிக்கூடம் விடுவதற்குள் செய்தி ஊரைச் சுற்றி வந்துவிட்டது. நர்சம்மா ஒரு ஆம்பளையை நேரில் வரச் சொல்லியிருக்கிறாள். ரேடியோவில் சொல்ல முடியாத விஷயமாம். குரல் நடுங்கியதாம். வீட்டு முற்றங்களில் பாய் பின்னுகிற பெண்கள் பின்னுவதை நிறுத்திவிட்டுப் பேசினார்கள்.

"நாப்பது வயசுலயா?"

"ஏன், நாப்பதுக்குக் கண்ணு தெரியாதா?"

"அவரு எப்படி இருப்பாரு?"

"குள்ளம்னு சொல்றாங்க."

"நர்சு கண்ணுக்கு நல்லா இருந்தாச் சரி."

லெசியேலியின் காதுக்கும் எட்டியிருக்கும். ஒருத்தரிடமும் மறுத்துப் பேசவில்லை. மறுத்தால் பிறகு எதற்கு என்று கேட்பார்கள் என்று விட்டுவிட்டாள்.

மனாசே காதுக்கு எட்டியபோது அவன் செய்த காரியம்தான் வேடிக்கை. அக்காவைப் பார்க்க ஓர் ஆள் வருகிறான். அதைப் பற்றி அவளிடம் வாய் திறக்கக்கூடாது. ஆனால் குடும்பத்துக்கு மூத்த ஆண் அவன்தான். வருகிற விருந்தாளியை வெறுங்கையோடு அனுப்பினால் அக்காவுக்கு அவமரியாதை. கொழுத்த பன்றியாகப் பார்த்துப் பிடித்தான். மண்ணடுப்புக்குக் கல் சுமந்தான். கறுத்த விரலோடு குழி வெட்டினான். ஃபினாவ் வேலியோரம் நின்று என்னிடம் புலம்பினாள்.

"பாருங்க வாத்தியாரே, காலு அழுகுது, இவரு கல்யாண மாப்பிள்ளைக்கு அடுப்பு வெட்டறாரு."

மறுநாள் முற்பகல் கிதியோனே வந்து இறங்கினார். குள்ளம்தான். தலையில் முடி கம்மி. கையில் சுருட்டிய பாய் ஒன்று வைத்திருந்தார். கடற்கரையில் தற்செயலாக வலை பிரித்துக்கொண்டும், தற்செயலாகக் குழந்தை குளிப்பாட்டிக்கொண்டும் ஊரே நின்றது. அவர் நேராக ஆஸ்பத்திரிக்குப் போனார். லெசியேலி கதவையும் ஜன்னலையும் விரியத் திறந்து வைத்து, என்னையும் ஒரு நாற்காலியில் கொண்டுவந்து உட்காரவைத்தாள். ஊர் வாய்க்குச் சாட்சி வேண்டுமே.

"கிதியோனே, இங்க சில பேரு என்கிட்ட வர மாட்டேங்கறாங்க. வர முடியாது. யாருன்னு சொல்ல மாட்டேன். நான் இந்த ஊர்க்காரி, உங்களுக்கே புரியும்."

கிதியோனே அவளையே பார்த்தார். பிறகு தொடையில் தட்டிச் சிரிக்கத் தொடங்கினார். சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர் வந்துவிட்டது.

"சிரிக்கறதுக்கா கூப்பிட்டேன்?"

"கோவிச்சுக்காதம்மா. நானும் என் ஊர்லதானே இருக்கேன். எங்க ஊர்ல என்கிட்ட ஒரு பொம்பளையும் வர்றதில்ல. பாதிப் பேரு தங்கச்சி, மீதிப் பேரு அக்கா. பிரசவம்னா என்னைக் கூப்பிடாம கிழவியைக் கூப்பிடறாங்க. போன மாசம் ஒருத்தி பொழச்சதே பெரிய விஷயம். யார்கிட்ட சொல்றதுன்னு தெரியாமக் கெடக்கேன். நம்ம ரெண்டு பேரையும் போட்ட மகராசி நல்லா இருக்கணும்."

லெசியேலி முதல் தடவையாக அன்று சிரித்தாள். அங்கேயே பேசி முடித்தார்கள். வாரத்தில் ஒரு நாள் அவள் அங்கே, அவர் இங்கே. தான் பார்த்ததைத் தன்னோடேயே கொண்டுபோய்விட வேண்டும், மற்றவர் கேட்கக்கூடாது. நாளைக்கே தொடங்கவேண்டும்.

"ஒரு நர்ஸ் தீவை விட்டுப் போகக்கூடாதுன்னு சட்டம் இருக்கே" என்றார் கிதியோனே.

"ஒளிச்சுப் போகல. சொல்லிட்டுப் போவோம்."

பாங்காயைக் கூப்பிட்டாள். எங்கள் ஊர் கடற்கரையிலேயே நின்றதால் இங்கே ரேடியோ கேட்க ஆளில்லை. பெரிய நர்ஸ் ரேடியோவில் வந்தார். விஷயத்தைக் கேட்டதும் குரல் கடுமையானது.

"சட்டம் தெரியாதா லெசியேலி உனக்கு? என்ன காரணம்?"

"நான் பொறந்த ஊர் இது. கிதியோனே பொறந்த ஊர் அது. அதான் காரணம்."

இரைச்சல். நீண்ட இரைச்சல். பாங்காயில் அந்த அம்மாள் விரல்விட்டு எண்ணிக்கொண்டிருப்பது எனக்குத் தெரிந்தது போலிருந்தது.

"அட ஆண்டவரே" என்றது ரேடியோ. "உன்னை அங்க போட்டது நான்தானே. நல்லது பண்றதா நெனச்சுல்ல போட்டேன்! போங்க, ரெண்டு பேரும் போங்க. மேல நான் சொல்லிக்கறேன்."

பிற்பகல் சேமிசி வீட்டில் விருந்தாளிக்குக் காவா, வேரை இடித்துக் கரைக்கிற பானம். ஆண்கள் மரியாதைக்கு இடுப்பில் பாய் சுற்றிக்கொண்டு வட்டமாகச் சம்மணமிட்டு உட்கார்ந்தோம். கரைத்துக் கொடுத்தது போதகரின் மகள், அவளுக்கு இங்கே உறவில்லை. மனாசே கடைசியில் வந்து கதவருகே உட்கார்ந்தான். ஒரு காலை மடக்கினான். இன்னொரு காலை நீட்டி, அதன்மேல் பாயை இழுத்து மூடிக்கொண்டான். வட்டத்தில் காலை நீட்டுவது மகா மரியாதைக்கேடு. ஒருத்தரும் பார்க்காதது மாதிரி பார்த்தார்கள்.

சிரட்டை சுற்றியது. கைதட்டி வாங்கிக் குடித்தோம். எல்லாருக்கும் ஒரே ஒரு கேள்விதான். தம்பிமார் வட்டத்தில் இருக்கும்போது அதைக் கேட்க முடியாது. சேமிசி காற்றைப் பற்றிக் கேட்டார், மீனைப் பற்றிக் கேட்டார். கடைசியில், "கையில பாய் கொண்டாந்தீங்களே, நல்ல வேலைப்பாடு" என்று தூண்டில் போட்டார்.

"ஆமா, என் பொண்டாட்டி பின்னினது. நர்சம்மாவுக்குக் குடுக்கச் சொன்னா. ஆறு பிள்ளைங்களை வெச்சுக்கிட்டு எப்பத்தான் பின்னறாளோ."

வட்டம் முழுக்க ஒரு பெருமூச்சு. "ஆறா?" என்றான் மனாசே.

"ஏழாவது வயித்துல."

"வாழ்க" என்றான் மனாசே, பன்றி போய்விட்டதே என்கிற முகத்தோடு. யாரோ கொல்லென்று சிரித்தார்கள். அவ்வளவுதான், மொத்த வீடும் சிரித்தது.

சிரிப்பு அடங்குவதற்குள் கிதியோனே பேசினார். யாரையும் பார்க்காமல் கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டு பேசினார்.

"எங்க ஊர்ப் பொம்பளைங்க என்கிட்ட வர்றதில்ல. எல்லாம் என் அக்கா தங்கச்சிங்க. அதனால நாளைக்குக் காலைல உங்க நர்சம்மா என் படகுல அங்க போறாங்க. நான் இங்க இருப்பேன்."

சிரட்டை ஒரு கையில் நின்றுவிட்டது. மூலையிலிருந்து ஒருவன் தொண்டையைச் செருமினான்.

"நாளைக்கு முழுக்க ஊர்ல இருக்க மாட்டாங்களா?"

"சாயங்காலம்தான் வருவாங்க."

"எனக்கு... ஒரு எடத்துல ஒரு கட்டி..."

"இங்க வேணாம் சாமி. காவா குடிக்கறோம். நாளைக்கு."

மறுநாள் அவள் படகேறிப் போன கொஞ்ச நேரத்துக்கெல்லாம் ஆஸ்பத்திரி வாசலில் ஆண்கள். ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குக்கூட அவ்வளவு பேர் வந்ததில்லை. ஆளுக்கு ஒரு கூடை வேறு. மனாசே வரவில்லை. என் பிள்ளைகளுக்குக் கழித்தல் போட்டுக் கொடுத்துவிட்டு ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தேன். வரிசை குறைந்தது. வெயில் ஏறியது. லெசியேலி கொடுத்த கெடு இன்றோடு சரி. இன்று வராவிட்டால் அக்காவின் குரல் கூப்பிடும், அவன் ஊர்ந்து வருவான், அதோடு அந்த இரண்டு பேருக்கும் நடுவில் இருந்தது முடிந்துபோகும்.

கடைசி ஆளும் போனபின் கடற்கரையோரமாக வந்தான். ஈரப்பலா மரத்தடி வரை வந்து, நின்று, என்னைக் கூப்பிட்டான்.

"வாத்தியாரே. அந்தக் குள்ளன் பாக்கறதை எழுதி வெப்பானா? அவங்க கண்ணுல படுமா?"

எனக்குப் பதில் தெரிந்திருந்தது. வாய் திறப்பதற்குள் கிதியோனே வாசலுக்கே வந்துவிட்டார்.

"குள்ளனுக்குக் காது நல்லாக் கேக்கும். நான் பாக்கறது என் படகுல ஏறி என் ஊருக்குப் போயிடும். டாக்டர் காகிதமும் எனக்குத்தான் வரும். உங்க நர்சம்மா கேக்க மாட்டாங்க, கேட்டாலும் சொல்ல மாட்டேன். உள்ள வர்றியா, வேணாமா? வேணாம்னா திரும்பிப் போ, ஒண்ணும் நெனச்சுக்க மாட்டேன்."

மனாசே மரத்தில் கைவைத்துச் செருப்பைக் கழற்றினான். நொண்டியபடியே உள்ளே போனான்.

கொஞ்ச நேரத்தில் கிதியோனே வெளியே வந்து சேமிசியின் படகைக் கேட்டார். உடனே பாங்காய் போகவேண்டும் என்றார். வேறு ஒன்றும் சொல்லவில்லை. சேமிசி தோள் கொடுத்தார். ஃபினாவ் ஒரு மூட்டை துணியோடு ஓடிவந்து ஏறிக்கொண்டாள்.

சாயங்காலம் லெசியேலி திரும்பி வந்தாள். முகமெல்லாம் உப்பும் களைப்பும். அங்கே பதினைந்து பெண்களைப் பார்த்ததாகச் சொன்னாள், அதற்குமேல் சொல்லவில்லை. வாசலில் நின்ற ஒரு கிழவி, "உன் தம்பியைத் தூக்கிக்கிட்டு..." என்று தொடங்கினாள்.

"அத்தை, படகு எந்தப் பக்கம் போச்சு?"

"பாங்காய்க்கு."

"அது போதும்" என்று உள்ளே போய்விட்டாள்.

காத்திருந்த நாட்களில் அவள் வேலையில் ஒரு குறையும் இல்லை. பாங்காயை ரேடியோவில் தினமும் கூப்பிட்டாள், மருந்துக்காக, ஊசிக்காக. தம்பியைப் பற்றி ஒரு தரமும் கேட்கவில்லை. கேட்டால் பெரிய நர்ஸ் சொல்லியிருப்பார். பேசி முடித்தபின் கை மட்டும் ரேடியோவின் திருகிலேயே கொஞ்ச நேரம் இருக்கும். அக்காவாக இருந்தால் கேட்டிருக்கலாம். அந்தப் பெட்டி நர்சுடையது.

அடுத்த வாரம் வியாழக்கிழமை படகு வந்தது. அவள் கைக்குழந்தைகளுக்குத் தடுப்பூசி போட்டுக்கொண்டிருந்தாள். கடற்கரையில் சத்தம் கேட்டது. எல்லாவற்றுக்கும் மேலே ஃபினாவின் குரல்.

"ஒண்ணே ஒண்ணுதான் எடுத்தாங்க! சுண்டுவிரல் மட்டும்! பத்துல ஒண்ணு ஆண்டவருக்குக் காணிக்கை, மீதி ஒம்பதும் எங்களுக்கு! இவரு கோயில்ல இதுவரைக்கும் ஒழுங்காக் குடுத்ததே இல்ல, இப்பத்தான் சரியாக் குடுத்திருக்காரு!"

கடற்கரை சிரித்தது. மனாசேயின் சிரிப்புத்தான் பெரிதாகக் கேட்டது.

லெசியேலி ஊசியைத் தட்டில் வைத்தாள். குழந்தையைத் தாயிடம் நீட்டிவிட்டு வாசலுக்கு வந்தாள். மனாசே மணலில் ஏறி வந்துகொண்டிருந்தான், யார் தோளையும் பிடிக்காமல், ஒரு கட்டுப்போட்ட காலும் ஒரு செருப்புக் காலுமாக. இந்தத் தடவை பாதையை விட்டு இறங்கவில்லை. ஆஸ்பத்திரிக்கு நேரே வந்தபோது, எங்கள் வழக்கப்படி தலையைக் குனிந்துகொண்டான். அவளும் அவன் காலைப் பார்க்கவில்லை. அவன் தலைக்குமேலே எங்கோ கடலைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவன் கடந்து போனபின் அவனுடைய முதுகைப் பார்த்தாள். முதுகு நேராகப் போனது.

அவள் கதவு நிலையில் சாய்ந்தாள். உள்ளே, ஊசி இனிமேல்தான் என்று தெரியாத குழந்தை அழுகையை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தது.